தருமபுரி, கிருஷ்ணகிரித் தண்ணீரில் கார்டிலைன்: இலை நுனி கருகாமல் வளர்க்க முழு வழிகாட்டி

நர்சரியில் சிவப்பும் இளஞ்சிவப்புமாகப் பளபளத்த கார்டிலைன், வீட்டுக்கு வந்த சில மாதங்களில் இலை நுனியெல்லாம் பழுப்பேறி நிற்கும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவார்கள். கருகல் இன்னும் கூடும். உரம் போதவில்லையோ என்று ஒரு பிடி சூப்பர் பாஸ்பேட்டைப் போடுவார்கள். அது எரிகிற அடுப்பில் எண்ணெய்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இந்தக் கருகலுக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது தண்ணீரில் உள்ள ஃபுளோரைடு. நம் ஊர்ப் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை ஏற்றிய அதே சமாச்சாரம்தான். கார்டிலைன், டிரசீனா, ஸ்பைடர் பிளான்ட், கலாத்தியா ஆகிய நான்கும் ஃபுளோரைடைத் துளியும் தாங்காத செடிகள். தண்ணீரைச் சரி செய்துவிட்டால் கார்டிலைன் அப்படியொன்றும் கஷ்டமான செடி இல்லை. அதனால் இந்த வழிகாட்டியில் தண்ணீருக்குத்தான் முதலிடம்.

வாங்கும்போது: இது கார்டிலைன்தானா?

பல நர்சரிகளில் கார்டிலைனையும் டிரசீனா என்றே சொல்லிக் கொடுப்பார்கள். பிரித்தறிய இரண்டு அடையாளங்கள் போதும். கார்டிலைன் இலைக்குத் தனியாக ஒரு காம்பு தெரியும், டிரசீனா இலை அடிப்பகுதி நேராகத் தண்டைத் தழுவி நிற்கும். சந்தேகம் தீரவில்லை என்றால் தொட்டியின் அடி ஓட்டையில் நீட்டிக்கொண்டிருக்கும் வேரைக் கிள்ளிப் பாருங்கள். கார்டிலைன் வேர் வெள்ளை. டிரசீனா வேர் மஞ்சளோ ஆரஞ்சோ கலந்திருக்கும். ஃபுளோரைடு விஷயத்தில் இரண்டும் ஒரே ஜாதி என்பதால், டிரசீனாவே வாங்கி வந்துவிட்டாலும் கீழே சொல்லும் தண்ணீர் முறை அப்படியே பொருந்தும்.

அடர்ந்த சிவப்பு வேண்டுமானால் 'ரெட் சிஸ்டர்', பச்சை, மஞ்சள், இளஞ்சிவப்புக் கோடுகள் கலந்தது வேண்டுமானால் 'கிவி', சிறிய தொட்டிக்கு அடக்கமாக வேண்டுமானால் 'பேபி டால்'. இவற்றில் பேபி டாலுக்குத்தான் நுனி சீக்கிரம் கருகும். முதன்முதலாக வளர்ப்பவர்கள் அதை விட்டுவிடலாம்.

செடியைத் தூக்கித் தண்டின் அடியை அழுத்திப் பாருங்கள். கல் போல் இருக்க வேண்டும். மெத்தென்று அமுங்கினால் அழுகல் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். இலையும் தண்டும் சேரும் மடிப்பில் பஞ்சு போல வெள்ளையாக இருந்தால் அது மாவுப்பூச்சி, அதையும் வைத்துவிட்டு வாருங்கள். வீட்டில் நாயோ பூனையோ இருந்தால் கவனம். இலையில் சப்போனின் என்ற நச்சுப் பொருள் உண்டு, கடித்துத் தின்றால் வாந்தி எடுக்கும்.

ஃபுளோரைடு என்ன செய்கிறது

இந்த இரண்டு மாவட்டங்களின் அடியில் இருப்பது கிரானைட்டும் அதைச் சேர்ந்த பழம்பாறைகளும். அந்தப் பாறையில் உள்ள தாதுக்களிலிருந்து ஃபுளோரைடு கரைந்து நிலத்தடி நீரில் சேர்கிறது. மனிதர் குடிக்க, இந்திய தர நிர்ணயப்படி ஒரு லிட்டரில் 1 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு வழியில்லை என்றால் 1.5 வரை. கார்டிலைனுக்கோ கால் மில்லிகிராம் தாண்டினாலே தொல்லை தொடங்கிவிடும். ஆக, நமக்குக் குடிக்க நல்ல தண்ணீர் என்று சான்று வாங்கிய நீரும் இந்தச் செடிக்கு ஆகாமல் போகலாம்.

வேர் உறிஞ்சும் தண்ணீரோடு ஃபுளோரைடும் இலைக்குப் போகிறது. இலை நுனியிலும் ஓரத்திலும் தண்ணீர் ஆவியாகிவிடும், ஃபுளோரைடு அங்கேயே தங்கிவிடும். நாளாக நாளாகச் சேர்ந்து அந்த இடத்துத் திசுவைக் கொன்றுவிடுகிறது. கருகிய நுனி மறுபடி பச்சையாகாது. நம்மால் காப்பாற்ற முடிவது இனி வரப்போகும் இலைகளைத்தான்.

ஃபுளோரைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை, ருசியுமில்லை. சோப்பு நன்றாக நுரைக்கிறது, பாத்திரத்தில் உப்பு படியவில்லை என்பதை வைத்து நல்ல தண்ணீர் என்று முடிவு கட்டாதீர்கள். சுண்ணாம்புச் சத்து குறைந்த தண்ணீரில் ஃபுளோரைடு இன்னும் தாராளமாகக் கரைந்திருக்கும். தெரிந்துகொள்ள ஒரே வழி சோதனை. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் தண்ணீரைக் கொடுத்துப் பார்க்கலாம்.

எந்தத் தண்ணீர் ஆகும், எது ஆகாது

மழைநீர்தான் முதல் தேர்வு. அதற்கடுத்து ஒகேனக்கல் தண்ணீர். 2013-ல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே இரு மாவட்டங்களின் ஃபுளோரைடுத் தொல்லையைக் குறைக்கத்தான் வந்தது. காவிரி நீரில் ஃபுளோரைடு குறைவு. ஒரு எச்சரிக்கை: மேல்நிலை டேங்கில் போர் தண்ணீரையும் கலந்து விடும் ஊர்கள் உண்டு. உங்கள் தெருக்குழாயில் வருவது தனிக் காவிரியா, கலப்பா என்று டேங்க் ஆபரேட்டரிடம் கேட்டுவிடுங்கள். குழாய்த் தண்ணீரை ஒரு இரவு வாய் அகன்ற பக்கெட்டில் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும். ஃபுளோரைடு போகாது. கொதிக்க வைத்தாலும் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும்.

ஆர்.ஓ. இயந்திரத்தின் நல்ல தண்ணீரை ஊற்றலாம். ஆனால் பல வீடுகளில் நடப்பது இதற்கு நேர்மாறு: நல்ல தண்ணீர் குடிக்க, கழிவுக் குழாயில் வருவது செடிக்கு. வீணாக்கக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான், கார்டிலைனுக்கு மட்டும் விஷம். கணக்குப் போட்டுப் பாருங்கள். போர் தண்ணீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் ஃபுளோரைடு, இயந்திரம் 3 லிட்டரை வாங்கி 1 லிட்டர் நல்ல தண்ணீர் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய மொத்த ஃபுளோரைடும் மீதி 2 லிட்டரில் போய் நிற்கும், லிட்டருக்குக் கிட்டத்தட்ட 3 மில்லிகிராம். அந்தக் கழிவுநீரை வாசல் கழுவவோ வண்டி கழுவவோ வைத்துக்கொள்ளுங்கள்.

ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு இல்லை, பிடித்து ஊற்றலாம். பாதி போர், பாதி மழைநீர் என்று கலப்பது போதாது. மேலே சொன்ன 2 மில்லிகிராம் தண்ணீரைக் கால் மில்லிகிராமுக்கு இறக்க, ஒரு பங்குக்கு ஏழு பங்கு மழைநீர் வேண்டும். அவ்வளவு மழைநீர் கையில் இருந்தால் போர் தண்ணீர் எதற்கு?

ஒரு டிரம் மழைநீர் எத்தனை தொட்டிக்கு?

பயந்த அளவுக்குத் தேவைப்படாது. 8 அங்குலத் தொட்டி ஒன்றுக்கு ஒரு தடவைக்கு 450 மில்லி, வாரம் இரண்டு தடவை. ஆறு தொட்டிக்கு வாரத்துக்கு 5.4 லிட்டர். மழை நின்ற ஜனவரி முதல் கோடை மழை பிடிக்கும் மே மாதம் வரை 22 வாரம் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் 119 லிட்டர்தான். ஒரு 200 லிட்டர் நீல டிரம் ஆறு தொட்டியைக் கோடை தாண்ட வைத்துவிடும். இடையில் ஒருமுறை தொட்டியை அலசவும் மிச்சம் இருக்கும்.

பிடிப்பதும் சுலபம். 10 அடிக்கு 10 அடி மொட்டை மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 90 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே விழும். சிதறலும் உறிஞ்சலும் போக 70 லிட்டராவது குழாயில் வரும். மூன்று நல்ல மழையில் டிரம் நிரம்பிவிடும். முதல் பத்து நிமிட மழையை வெளியே விட்டுவிடுங்கள், தூசியும் பறவை எச்சமும் அதோடு போய்விடும். டிரம்மின் வாயைப் பழைய வேட்டித் துணியால் இறுகக் கட்டி மேலே மூடி போடுங்கள். திறந்து வைத்தால் டெங்குக் கொசு வளர்க்கிறீர்கள் என்று சுகாதார ஆய்வாளர் வந்து நிற்பார், அவர் சொல்வதும் நியாயம்தான். அக்டோபர், நவம்பர் மழையிலேயே நிரப்பி வெயில் படாத இடத்தில் வைத்துவிட்டால் பாசி பிடிக்காது.

தொட்டிக் கலவை

10 லிட்டர் கலவைக்கு:

- கழுவிய கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்) 5 லிட்டர்
- விரல் நுனி அளவுக்கு நறுக்கிய தேங்காய் மட்டைத் துண்டு 2 லிட்டர்
- மண்புழு உரம் 2 லிட்டர்
- சலித்த செம்மண் 1 லிட்டர்
- டோலமைட் தூள் (கால்சியமும் மெக்னீசியமும் உள்ள சுண்ணாம்புக்கல் தூள்) 20 கிராம்

கோகோபீட்டை வாங்கியபடியே போடாதீர்கள். உப்பு இருக்கும். நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து கொட்டி, இதையே மூன்று தடவை செய்யுங்கள். டோலமைட் இரண்டு வேலை செய்கிறது. அதன் கால்சியம் ஃபுளோரைடைப் பிடித்துக் கரையாத உப்பாக்கி வேருக்கு எட்டாமல் நிறுத்துகிறது. கலவையின் பி.எச். அளவையும் (புளிப்பு, காரத்தைக் காட்டும் எண்) 6.5 பக்கத்தில் வைத்திருக்கிறது. கலவை புளிப்பாக ஆக ஆக ஃபுளோரைடு வேருக்குள் எளிதாக ஏறும். அதற்காக டோலமைட்டை அள்ளிக் கொட்டவும் வேண்டாம். பி.எச். 7-ஐத் தாண்டினால் இரும்புச் சத்து ஏறாமல், இளம் இலையில் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க இடையெல்லாம் வெளிறும்.

கலவையை இலகுவாக்கப் போடும் பெர்லைட் என்ற வெள்ளைத் துகளைப் போடாதீர்கள். இணையத்தில் எந்த வீடியோவைத் திறந்தாலும் கலவையில் பெர்லைட் இருக்கும். அதிலேயே ஃபுளோரைடு உண்டு என்பதால் இந்தச் செடிக்கு மட்டும் தவிர்க்க வேண்டும். மட்டைத் துண்டு அந்த வேலையைச் செய்யும். எம்-சாண்டும் வேண்டாம், அதிலுள்ள பாறைத் தூள் இறங்கி வடிகாலை அடைத்துவிடும்.

தொட்டியில் வைப்பது

1. அடியில் குறைந்தது நான்கு ஓட்டை உள்ள 8 அங்குலத் தொட்டி எடுங்கள். ஆரம்பத்திலேயே 14 அங்குலம் வைத்தால் வேர் எட்டாத இடத்தில் ஈரம் தேங்கி அழுகும்.
2. நர்சரிக் கவரைக் கத்தரித்து எடுங்கள், செடியைப் பிடித்து இழுக்காதீர்கள். வேரைச் சுற்றிக் களிமண் உருண்டை கெட்டியாக இருந்தால் தண்ணீரில் அரை மணி ஊறவைத்து வெளிப்புற மண்ணை மெல்ல உதிர்த்துவிடுங்கள். அந்தக் களிமண்ணை அப்படியே விட்டால் சுற்றியுள்ள கலவை காய்ந்து நடுவில் மட்டும் சேறாக நிற்கும். புதுச் செடி சாவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.
3. பழைய தொட்டியில் தண்டு எவ்வளவு புதைந்திருந்ததோ அதே ஆழம். விளிம்பிலிருந்து ஒரு அங்குலம் விட்டுக் கலவை நிரப்புங்கள்.
4. அடியில் வடியும் வரை தண்ணீர் ஊற்றி, தட்டில் தேங்கியதை அரை மணியில் கொட்டிவிடுங்கள்.
5. பத்து நாள் வெளிச்சமான நிழல். முதல் உரம் ஒரு மாதம் கழித்து.

அதன் பிறகு, மேல் மண் ஒரு அங்குலம் காய்ந்ததா என்று விரலை விட்டுப் பார்த்துத்தான் ஊற்ற வேண்டும். கோடையில் மூன்று, நான்கு நாளுக்கு ஒருமுறை, மார்கழி, தையில் ஏழெட்டு நாளுக்கு ஒருமுறை என்று வரும். இலைக்குருத்தில் தண்ணீர் தேங்க விடாதீர்கள்.

வீட்டுக்குள் எங்கே வைப்பது

கார்டிலைனின் நிறம் வெளிச்சம் தரும் நிறம். கிழக்குப் பார்த்த ஜன்னலிலிருந்து மூன்றடிக்குள் வைத்தால் சிவப்பு நிற்கும். ஹாலின் மூலையில் டி.வி. பக்கத்தில் வைத்தால் செடி சாகாது, ஆனால் புதிதாக வரும் இலை பச்சையாக வரும். வெளிச்சத்துக்கு மாற்றிய பிறகு வரும் இலைகளில்தான் நிறம் திரும்பும். ஃபேன் காற்றும் ஏ.சி. காற்றும் நேரே படக் கூடாது.

காற்று வறண்டிருக்கிறது என்று போர் தண்ணீரை இலைமேல் பீய்ச்சுபவர்கள் உண்டு. வெள்ளைப் புள்ளி படிவதுதான் மிச்சம். நாலைந்து தொட்டிகளை நெருக்கி வைத்தாலே அங்கே ஈரப்பதம் கொஞ்சம் கூடும். வாரம் ஒருமுறை மழைநீரில் நனைத்த துணியால் இலையைத் துடைத்தால் போதும்.

ஓசூர், தளி பக்கம் கதை வேறு. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3000 அடி உயரம். ரோஜாவுக்கு உகந்த அந்தக் குளிர் இந்தச் செடிக்குப் பிடிக்காது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் ஜன்னல் கண்ணாடியை ஒட்டி வைக்காமல் உள்ளே நகர்த்துங்கள். தண்ணீரைக் காலையில் மட்டும் ஊற்றுங்கள். 10 டிகிரிக்குக் கீழே போனால் இலையில் ஈரம் ஊறிய மாதிரி கருந்திட்டுகள் விழும்.

தோட்டத்தில்

நிலத்தில் வைத்த செடி போர் தண்ணீரைத் தொட்டிச் செடியைவிடக் கொஞ்சம் அதிகமாகத் தாங்கும். மண்ணில் உள்ள களியும் சுண்ணாம்பும் ஃபுளோரைடில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்ளும், பெரிய மழை மீதியை அடித்துக்கொண்டு போகும். மழைக்காலத்தில் வந்த இலை சுத்தமாகவும் கோடையில் வந்த இலை நுனி கருகியும் ஒரே செடியில் நிற்பதைப் பார்க்கலாம்.

இடம்தான் முக்கியம். மா, தென்னை நிழலில் காலை வெயில் சல்லடையாக விழும் இடம் அருமை. மேற்குப் பார்த்த சுவரோரமும், கல்லுக்கால் நட்ட வேலியோரமும் வேண்டாம். பகலெல்லாம் வாங்கிய சூட்டைக் கல் இரவு வரை கக்கும். மார்ச் முதல் மே வரை தருமபுரி, கிருஷ்ணகிரி வெயிலுக்கு 50 சதவீத நிழல்வலை தேவை. ஓசூரில் காலை வெயிலை வலை இல்லாமலே தாங்கும்.

நட நல்ல காலம் ஜூன், ஜூலை. வேர் பிடித்துப் பருவமழையையும் சந்தித்துவிடும். ஒன்றரை அடி நீள அகல ஆழத்தில் குழி. எடுத்த செம்மண்ணில் பாதியோடு மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு, கோகோபீட் ஒரு பங்கு, வேப்பம் பிண்ணாக்கு 100 கிராம் கலந்து நிரப்புங்கள். குழி தோண்டியதும் ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் வற்றவில்லை என்றால் கீழே பாறையோ கெட்டி மண்ணோ இருக்கிறது, அங்கே அரை அடி உயர மேடு கட்டி அதன்மேல் நடுவது மேல். செடிக்குச் செடி இரண்டரை அடி. காய்ந்த இலைச் சருகு மூன்று அங்குலம் மூடாக்கு போட்டால் தண்ணீர்த் தேவை குறையும், அதோடு ஃபுளோரைடும் குறையும். தண்டை ஒட்டி மட்டும் சருகைக் குவிக்காதீர்கள்.

உரம்

சிங்கிள் சூப்பர் பாஸ்பேட்டும் ராக் பாஸ்பேட்டும் இந்தச் செடியின் பக்கமே வரக் கூடாது. பாஸ்பேட் பாறையில் ஃபுளோரைடு இயற்கையாகவே இருக்கிறது, உரத்தோடு அதுவும் வரும். தண்ணீரில் கரையும் 19:19:19 உரத்தை வீட்டுச் செடிக்கு லிட்டருக்கு அரை கிராம், தோட்டச் செடிக்கு 1 கிராம் என்று பிப்ரவரி முதல் அக்டோபர் வரை மாதம் ஒருமுறை. பதினைந்து நாள் இடைவெளி விட்டுக் கால்சியம் நைட்ரேட் லிட்டருக்கு 1 கிராம். இரண்டையும் ஒரே வாளியில் கரைத்தால் பால் போலத் திரிந்து அடியில் படிந்துவிடும், செடிக்கு ஒன்றும் கிடைக்காது.

இலையைப் பார்த்துக் கண்டுபிடிப்பது

நுனியும் ஓரமும் மட்டும் பழுப்பாகி, உள்பக்கம் பளிச்சென்று இருந்தால் முதல் சந்தேகம் ஃபுளோரைடு. அதே கருகலோடு தொட்டி விளிம்பிலும் மண்மேலும் வெள்ளைப் பூப்பு இருந்தால் உப்பும் சேர்ந்திருக்கிறது. தொட்டியை வெளியே எடுத்து, அதன் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை, 8 அங்குலத் தொட்டிக்கு 9 லிட்டர், கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி வடிய விடுங்கள். கோடை தொடங்கும் முன் பிப்ரவரியில் எல்லாத் தொட்டிக்கும் இதைச் செய்வது நல்லது.

வெயில் பட்ட பக்கம் மட்டும் இலை நடுவில் வெளிறிய திட்டு விழுந்தால் அது வெயில் சூடு. அடியிலை ஒன்றிரண்டு மஞ்சளாகி உதிர்வது வயது, விட்டுவிடுங்கள். நாலைந்து அடியிலைகள் ஒரே வாரத்தில் மஞ்சளாகி, மண் ஈரமாகவே இருந்து, தண்டும் அமுங்கினால் வேர் அழுகல்.

இலை மங்கி, ஊசியால் குத்தியதுபோல் புள்ளிகளும் அடியில் மெல்லிய வலையும் தெரிந்தால் சிவப்புச் சிலந்திப் பேன். வறண்ட கோடைதான் அதற்குத் திருவிழா. இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் வேகமாகப் பீய்ச்சிக் கழுவி, லிட்டருக்கு வேப்பெண்ணெய் 5 மில்லி, காதி சோப்புக் கரைசல் 2 மில்லி கலந்து சாயங்காலம் தெளியுங்கள். ஐந்து நாளுக்கு ஒருமுறை, மூன்று தடவை. மாவுப்பூச்சிக்கும் இதே மருந்துதான், அதற்கு முன் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தெடுக்க வேண்டும்.

கருகிய நுனியைக் கத்தரிக்கலாம். இலையின் வடிவத்தையே ஒட்டிக் கூராக வெட்டி, பழுப்பில் ஒரு நூல் அகலம் விட்டுவிடுங்கள். பச்சையில் வெட்டினால் அந்த வெட்டு விளிம்பு மறுபடி காயும்.

கருகிப்போன பழைய செடியைப் புதுசாக்குவது

மூன்று, நான்கு வருடம் போர் தண்ணீரில் நின்று, அடியெல்லாம் மொட்டைத் தண்டும் உச்சியில் மட்டும் ஒரு கொத்து இலையுமாக இருக்கும் செடியைத் தூக்கிப் போட வேண்டாம். ஒன்று மூன்று ஆகும்.

ஜூன் அல்லது ஜூலையில் உச்சியை ஆறு அங்குலத் தண்டோடு வெட்டுங்கள். கீழ் இலைகளைக் கிள்ளி, மீதி இலைகளைப் பாதியாகக் கத்தரித்து, கழுவிய கோகோபீட்டில் இரண்டு அங்குலம் ஊன்றுங்கள். நிழலில் மூன்று, நான்கு வாரத்தில் வேர் விடும். நடுத்தண்டை மூன்று அங்குலத் துண்டுகளாக நறுக்கி, வெட்டு வாயை ஒரு நாள் காயவிட்டு, கோகோபீட்டில் படுக்க வைத்துப் பாதி புதையுங்கள். எந்தப் பக்கம் மேல் என்று கவலைப்பட வேண்டாம், படுக்க வைப்பதால் கணு தானாக மேல்நோக்கி முளைக்கும். ஆறு வாரத்துக்குள் முளை தெரியும். துண்டு நாறினால் அழுகிவிட்டது, உடனே எடுத்தெறியுங்கள், பக்கத்துத் துண்டுக்கும் தொற்றும்.

பதியம் போட நினைப்பவர்கள், கொய்யாவுக்குச் செய்வதுபோல் தண்டைச் சுற்றித் தோல் உரிக்கக் கூடாது. இது ஒருவித்திலைத் தாவரம், உரித்து எடுக்கத் தனிப் பட்டை கிடையாது. கீழிருந்து மேலாகச் சாய்வாக, தண்டின் மூன்றில் ஒரு பங்கு ஆழம் வெட்டி, வெட்டு மூடாமல் ஒரு தீக்குச்சியைச் செருகி, ஈரக் கோகோபீட்டை வைத்துப் பாலித்தீன் கட்டுங்கள்.

நின்றுபோன அடிக்கட்டையை நான்கு அங்குலம் விட்டு, பழைய கலவையை முழுவதும் உதறிப் புதுக் கலவையில் வையுங்கள். இலை இல்லாத கட்டை தண்ணீர் குடிக்காது, முளை வரும் வரை வாரம் ஒரு டம்ளர் மழைநீர் போதும். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மூன்று குருத்து வரும், அவற்றில் திடமான இரண்டை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள்.